தண்ணி கரிக்குது, அறை சுடுது, வாழை கருகுது: யாழ்ப்பாணத்துக் கிராம விடுதிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பழைய நாற்சார் வீடுகளும், வெளிநாட்டிலிருப்பவர்கள் பூட்டி வைத்த கல்வீடுகளும் இப்போது ஒவ்வொன்றாக விடுதியாகின்றன. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்ப வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கிராமத்துக்குள்ளேகூட அறை தேடி ஆட்கள் வருகிறார்கள். சூழலுக்கு உகந்த விடுதி என்று பலகை போடுபவர்கள் முதலில் வாங்குவது சோலார் தகடும் மூங்கில் பல்துலக்கியும். இரண்டிலும் குற்றமில்லை. ஆனால் வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தக் குடாநாட்டில் நீங்கள் அள்ளுகிற தண்ணீரும் விடுகிற கழிவும் ஒரே சுண்ணாம்புக் கல்லுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே கீழே வருகிற பிழைகளில் பாதிக்கு மேல் கிணற்றடியில் போய் நிற்கும். உங்கள் விடுதியில் தெரிகிற அறிகுறியைத் தேடி அங்கிருந்து வாசியுங்கள். முதல் மூன்றை மட்டும் எல்லோரும் வாசிப்பது நல்லது.

## தண்ணீர் உப்புக் கரிக்கிறது

கிணறு வெட்டுகிறவரைக் கூப்பிட முதல், எந்த நேரம் கரிக்கிறது என்று பாருங்கள்.

காலையில் நன்றாக இருந்து, தாங்கி நிரப்பிய பிறகு பின்னேரத்தில் கரித்தால் பிழை பம்பில். நிலத்துக்குக் கீழே நன்னீர் கடல்நீரின் மேல், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல, வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 வீதம்தான் பாரம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வரும்: இறைத்து மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியிலிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். பெரிய பம்பை ஒரே மூச்சில் ஓட்டும்போது கிணற்றுக்கு நேர் கீழே உவர் கூம்பு போல எழும்புகிறது. நிறுத்தினால் மெல்ல இறங்கும். விடியக் காலையில் தண்ணீர் திரும்ப நல்லதாக இருப்பது அதனால்தான்.

இதற்குச் செய்ய வேண்டியது: சின்ன பம்பாகப் பாருங்கள், அரைக் குதிரைவலு போதும். ஒரே தடவையில் தாங்கியை நிரப்பாமல் நாளுக்கு மூன்று நான்கு தடவையாகப் பிரித்து, இடையில் கிணறு ஊற விடுங்கள். உறிஞ்சு குழாயின் வாய் அடியில் கிடந்தால் அதை மேலே எடுத்து, ஒரு மிதவையில் கட்டித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி விடுங்கள். மேல் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதைக் கேள்விப்படாதவர்கள் இங்கே குறைவு. உங்கள் கிணறும் அதன் சின்னத் தம்பிதான். துலா மிதித்து இறைத்த காலத்தில் இந்தப் பிழை குறைவாக இருந்ததற்கு அந்தக் காலத்தவரின் பக்குவம் மட்டும் காரணமில்லை. துலாவால் அதற்கு மேல் இறைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனி, ஆடி, ஆவணியில் நாள் முழுக்கக் கரித்து, கார்த்திகை மழைக்குப் பிறகு மாறிவிட்டால், அது பருவத்தின் வேலை. வில்லை மெலிந்துவிட்டது. சங்கடம் என்னவென்றால், நமக்கு மிகக் கூடிய ஆட்கள் வருவதும் கிணறு மிக மெலிந்து கிடப்பதும் ஒரே காலம். லண்டன், கனடாப் பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்க் கொடியேற்றமும் அப்போதுதான் வருகின்றன. இந்த மாதங்களில் ஷவரை மூடி வாளியும் கோப்பையும் வைக்கலாம். நிமிடத்துக்கு 10 லீற்றர் விடுகிற ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 100 லீற்றர். வாளிக் குளிப்பு 45 லீற்றரில் முடியும். கிணற்றடியில் அள்ளிக் குளிக்க விட்டால் பிள்ளைகள் திரும்ப அறைக்குப் போகவே மாட்டார்கள் என்பது வேறு பிரச்சினை. ஆடியில் ஓர் அறையைப் பூட்டி வைப்பதும் ஒரு வழிதான். வருமானத்தைப் பார்த்தால் மனம் வராது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

வருடம் முழுக்கக் கரித்து, அயல் கிணறுகளும் அப்படியே என்றால் நீங்கள் கடலுக்கோ களப்புக்கோ கிட்ட இருக்கிறீர்கள். தீவகத்தில் இது வழமை. இதற்குக் கிணற்றுக்குள் மருந்தில்லை. ஆழப்படுத்த வேண்டாம், குழாய்க் கிணறு அடிக்கவும் வேண்டாம்; இரண்டும் உவரை நோக்கித்தான் போகும். மழைத்தண்ணீரைப் பிடியுங்கள். 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை 1 லீற்றர். 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 1,000 மில்லிமீற்றர் பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 80,000 லீற்றர். நமக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுவதால் தாங்கி பெரிதாக இருக்க வேண்டும். பீலியைப் புரட்டாதியிலேயே துப்புரவாக்குங்கள். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாதீர்கள். காகத்தின் எச்சமும் சோளகக் காற்றுக் கொண்டுவந்த தூசியும் அதில்தான் வரும்.

இன்னொன்று: இரவில் ஒருவரும் பாவிக்காத நேரத்தில் மோட்டர் தானாக ஓடினால், எங்கோ ஒழுகுகிறது. மலசலகூடத்துத் தண்ணீர்ப் பெட்டிக்குள் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். இழுக்காமலே கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே வாசர் போய்விட்டது. சின்னச் செலவில் தீருகிற பிழை இது ஒன்றுதான்.

## மழைக்குப் பிறகு வயிற்றோட்டம், அல்லது கார்த்திகையில் கழிப்பறை இறங்குதில்லை

இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகம்.

கழிப்பறை இறங்காவிட்டால் உடனே அடைப்பு என்று நினைத்து அசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. அசிட் குழிக்குள் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொல்லும். அதன் பிறகு குழி தன் வேலையைச் செய்யாது. முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் நிலமட்டத்துக்குக் கிட்ட ஏறியிருந்தால் மலக்குழியையும் அதே தண்ணீர் சூழ்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது போக இடமில்லை. இந்த நேரத்தில் பவுசரைக் கூப்பிட்டு முழுக்க உறிஞ்ச வேண்டாம். பைபர் தாங்கி வெறுமையானால் நிலத்தடித் தண்ணீர் அதைத் தூக்கி மிதக்க வைத்துக் குழாய்களை முறித்துவிடும். குழியைத் துப்புரவாக்குகிற காலம் ஆவணி, புரட்டாதி.

வயிற்றோட்டம் என்றால், கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று நாடா பிடித்து அளவுங்கள். 50 அடி வேண்டும் என்பது நாட்டில் வழக்கிலுள்ள விதி. உங்கள் குழியை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கத்துக் குழியையும் கணக்கில் எடுங்கள். மணலுக்குள் கழிவுநீர் வடிந்து வடிந்து போகும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் இருந்தால் வடிகட்டலே இல்லாமல் நேரே கிணற்றுக்கு வந்துவிடும். ஆகவே இங்கே 50 அடியும் சில இடங்களில் போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் கிணற்றுக்குக் குளோரின் போடும் அளவைச் சொல்வார். அது அந்தக் கிழமைக்குத்தான் உதவும். குழி மாறாமல் கிணறு மாறாது.

புதிதாகக் கட்டுவதென்றால், அடி திறந்த ஆழக் குழி வேண்டவே வேண்டாம். "ஆழமாக வெட்டினால் கனகாலம் நிரம்பாது" என்று மேசன் பெருமையாகச் சொல்வார். நிரம்பாமல் அது எங்கே போகிறது என்று கேளுங்கள். அடியும் சுவரும் சீமெந்தால் மூடிய இரண்டு அறைத் தாங்கி கட்டி, அதிலிருந்து வழிகிற தண்ணீரை ஆழமில்லாத, அகலமான, அடியில் தடித்த விரிப்புப் போட்ட பாத்திக்கு விடுங்கள். பாத்தியில் கல்வாழை, சேம்பு, வாழை. வேர் குடித்து, வெயில் உறிஞ்சி, மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். மேலே மூடி மண் போட்டால் மணமும் இல்லை. கிழங்கு, கீரை மட்டும் அதில் நட வேண்டாம்.

## தண்ணீரில் ஒரு குறையும் தெரியவில்லை, ஆனால் கைக்குழந்தையோடு ஆட்கள் வருகிறார்கள்

அறிகுறியே இல்லாத பிழை இது. அதனால்தான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலைத் தோட்டங்களில் போடுகிற யூரியாவும் மலக்குழிக் கழிவும் நிலத்தடித் தண்ணீரில் நைத்திரேற்றாக இறங்குகின்றன. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டப் பக்கத்துக் கிணறுகளில் இது பலகாலமாகத் தெரிந்த பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது மாப்பால் குடிக்கும் சிறு குழந்தைகள். அவர்களுடைய இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறைந்து உடல் நீலம் பாயலாம்.

"கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறம், அக்கா" என்று சொல்வதில் பயனில்லை. கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். சாதாரண மெழுகுதிரி வடிகட்டியும் பிடிக்காது. மறுதலைச் சவ்வூடு முறையில் வடிகட்டும் இயந்திரம், அதாவது கடைகளில் ஆர்.ஓ. என்று கேட்டு வாங்குவது, பிடிக்கும். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதித்து, முடிவைக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். முடிவு வரும்வரை கைக்குழந்தைக்கு வேறு தண்ணீர்.

இயற்கை உரம்தானே என்று உங்கள் மரக்கறிப் பாத்தியில் மாட்டெருவை அள்ளிக் கொட்டினாலும் இதே நைத்திரேற்றுத்தான் கீழே போகும். செடி குடிக்கிற அளவுக்கு மேல் போட்டால் எருவென்ன, யூரியாவென்ன.

## ரீயில் ஆடை படிகிறது, சவர்க்காரம் நுரைக்கவில்லை, ஹீற்றர் அடிக்கடி பழுதாகிறது

சுண்ணாம்புக் கல்லிலிருந்து வரும் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும். உடலுக்குக் கெடுதல் இல்லை. சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து ஹீற்றர்க் கம்பியில் ஓடு கட்டுகிறது. ஓடு தடிக்கத் தடிக்க மின்சாரம் கூட எரியும்.

என் எண்ணத்தில் ஹீற்றரே வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் மேல் தாங்கித் தண்ணீரில் பின்னேரம் கை வைக்க முடியாது. சுடுதண்ணீர் உண்மையில் தேவைப்படுவது மார்கழி, தை விடியலில் மட்டும்; அதற்கு ஒரு பானை போதும். இருக்கிற ஹீற்றரையும் ஷவர் வாயையும் வினாகிரியில் அல்லது தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்துக் கழுவலாம். ரீக்கும் வெள்ளைத் துணிக்கும் மழைத்தண்ணீர். ஒரே தேயிலைதான், வேறு ரீ போல இருக்கும்.

## வாழை இலை ஓரம் கருகுகிறது

குளிக்கிற தண்ணீரை வாழைக்கு விடுவது நம் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டிய விடயமில்லை. ஆனால் வீட்டில் நாலு பேர் குளித்த தண்ணீர் வேறு, விடுதியில் பன்னிரண்டு பேர் குளித்து, படுக்கை விரிப்பு முழுக்கத் தோய்த்த தண்ணீர் வேறு. சலவைத் தூளில் சோடியம் இருக்கிறது. கிணறும் கொஞ்சம் கரித்தால் வாழை தாங்காது. சலவைத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடுங்கள், அது உப்பைத் தாங்கும். இரண்டு மூன்று பாத்தியாக மாற்றி மாற்றி விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை ஒரு மரத்துக்கும் விடாதீர்கள். கழிப்பறை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

## இரவு பதினொரு மணிக்கும் அறை சுடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது

விருந்தினர் ஏசி கேட்பதற்கு முன், அறைக்குக் கூரையாக இருக்கும் கொங்கிறீற் தட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். இரவிலும் சுட்டால் பிழை அந்தத் தட்டில். பகலில் குடித்த வெயிலை அது இரவில் கக்குகிறது. 1 தொன் ஏசி ஓடும்போது சுமார் 1,000 வாட் எடுக்கும், கூரைக் காற்றாடி 50 முதல் 75 வாட். தட்டைக் குளிரவைக்காமல் ஏசி போட்டால், வெயிலுக்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

மலிவான வழி, தட்டின் மேல் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பது. வருடத்துக்கு ஒரு தடவை, மாசியில். அதைவிட நல்லது, தட்டுக்கு மேல் இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டுக் கிடுகோ பனையோலையோ வேய்வது. இடையில் காற்று ஓட வேண்டும், தட்டோடு ஒட்டி வேய்ந்தால் பாதிப் பயன்தான். மேற்குச் சுவரில் நேர் வெயில் விழுந்தால் ஓலைத் தட்டி அல்லது ஒரு பந்தல்.

பிறகு யன்னல். வைகாசியிலிருந்து சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து. அறைக்கு எதிர் எதிராக இரண்டு திறப்பு இருந்தால் இரண்டு காற்றையும் பிடிக்கலாம். பழைய வீடுகளில் முற்றமும் கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரமும் இந்த வேலையைச் செய்தன. அந்தத் துவாரங்களைப் புழுதி வருகிறதென்று சீமெந்தால் அடைத்து, கண்ணாடி யன்னல் போட்டு, கடைசியில் ஏசி வாங்கிய வீடுகள் ஏராளம். அடைத்ததை உடைத்து நுளம்பு வலை அடியுங்கள். ஏசி இருந்தே ஆகவேண்டுமென்றால் 26 பாகையில் வைத்துக் காற்றாடியையும் போடச் சொல்லுங்கள்.

குடிக்கக் குளிர்ந்த தண்ணீருக்கு மண்பானை. கோடையில் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரம், பானையும் சும்மா இருக்கும். அப்போது யாரும் குளிர்தண்ணீர் கேட்பதுமில்லை.

## சோலார் போட்டும் கரண்ட் போனால் இருட்டு

பழுதில்லை. மின்சார சபைக் கம்பியோடு இணைத்த சோலார், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் அடிக்கும். கரண்ட் போகும்போதும் வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் வேண்டாம்: மின்குமிழ், காற்றாடி, சின்ன பம்பு.

சோளக மாதங்களில் உற்பத்தி குறைந்தால் தகட்டில் செம்புழுதி படிந்திருக்கும். விடியலில், தகடு சூடாக முன், மழைத்தண்ணீரால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.

## நுளம்பு

எப்போது கடிக்கிறது என்பதே விடை. பகலில், முக்கியமாகக் காலையும் பின்னேரமும் கடித்தால் அது டெங்கு நுளம்பு. தெளிந்த தண்ணீரில், பெரும்பாலும் உங்கள் வளவுக்குள்ளேயே பெருகுகிறது. இரவில் காதருகே பாடினால் மலக்குழி, சாக்கடைப் பக்கம் பாருங்கள். குழியின் காற்றுக் குழாய் வாயில் வலை கட்டியிருக்கிறதா?

பகல் நுளம்புக்குச் சிரட்டை, தயிர்க் கோப்பை, பூச்சாடித் தட்டு எல்லாம் ஊரறிந்தவை. விடுதிக்கென்று தனியாகச் சில இடங்கள் உண்டு. ஆள் வராத மாதத்தில் பூட்டிய அறையின் கழிப்பறைப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, அலங்காரத்துக்கு வைத்த தாமரைத் தொட்டி, இலை அடைத்த பீலி. முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள். ஆகவே கிழமைக்கொரு தடவை பூட்டிய அறைகளுக்குப் போய்த் தண்ணீர் இழுத்துவிட வேண்டும். முட்டை காய்ந்தும் மாதக் கணக்கில் கிடக்கும்; பாத்திரத்தைக் கவிழ்த்தால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பாவிக்காத கிணற்றிலும் இந்த நுளம்பு பெருகும். கப்பி மீன் விடுங்கள், அல்லது வலை போட்டு மூடுங்கள். புகையடிப்பதை நான் விரும்புவதில்லை. பறக்கிற நுளம்பு மட்டும் சாகும், கூடவே தேனீயும். புழு தண்ணீரில் அப்படியே இருக்கும். டெங்கு வந்துவிட்ட ஊரில் சுகாதாரத் திணைக்களம் அடித்தால் அது வேறு விடயம்.

## குப்பைத்தொட்டி பிளாஸ்ரிக்கால் நிரம்புகிறது

தொட்டியைக் கொட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் தண்ணீர்ப் போத்தலாக இருக்கும். ஆகவே இதுவும் கிணற்றுப் பிழைதான்: உங்கள் தண்ணீரை நம்பாததால் அவர்கள் வாங்கி வருகிறார்கள். பரிசோதனை முடிவைச் சுவரில் ஒட்டச் சொன்னது இதற்காகவும்தான். வடிகட்டிய தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் அறைக்குள் வையுங்கள்.

மிச்சத்தில் பலதைச் சட்டமே தடுத்திருக்கிறது. லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பரிலிருந்து, 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான ஷாம்பூப் பக்கற்றுகள் 2021 மார்ச் முடிவிலிருந்து, உறிஞ்சு குழாய், பிளாஸ்ரிக் கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு 2023 ஒக்டோபரிலிருந்து தடை. நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டை வாழையிலையில் வைத்தால் விருந்தினர் படம் எடுப்பார்கள். சுற்றுச்சூழல் பற்றிப் பேச வேண்டிய தேவையே வராது. பின்வளவில் பிளாஸ்ரிக் எரிப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

உரக்குழி நாறினால் ஈரம் கூட. பூவரசம் சருகோ மாஞ்சருகோ போட்டுப் புரட்டுங்கள். மீன் கழிவை அதில் போடாமல் தென்னையடியில் ஆழமாகத் தாழுங்கள், நாய் கிண்டாது.

## பக்கத்து வளவுக்காரர் முகம் கொடுத்துக் கதைக்கிறாரில்லை

இதையும் ஒரு தொழில்நுட்பப் பிழையாகவே எடுங்கள். உங்கள் கிணறும் அவருடையதும் ஒரே வில்லையில் நிற்கின்றன. நீங்கள் காலை ஆறு மணிக்குத் தாங்கி நிரப்புகிற நேரம் அவர் வெங்காயத்துக்கு மிசின் வைத்தால் இரண்டு கூம்பும் சேர்ந்து எழும்பும், இரண்டு பேருக்கும் கரிக்கும், அவர் உங்கள் விடுதியைத்தான் திட்டுவார். போய், "அண்ணை, நீங்கள் எத்தினை மணிக்கு இறைக்கிறனீங்கள்?" என்று கேட்டு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் பகல் இறைத்தால் நீங்கள் இரவு பத்துக்குப் பிறகு, மணிக்கூட்டு ஆளி ஒன்று போட்டால் தானாக ஓடும். முடிந்தால் விடுதிக்கு வேண்டிய வெங்காயமும் கத்தரிக்காயும் அவரிடமே வாங்குங்கள். அவர் எவ்வளவு யூரியா போடுகிறார் என்று கேட்கிற உரிமையும் அதோடு வரும்.